மார்ச்சில் எழாத ஊர் டிசம்பரில் எழுந்தது எப்படி? மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

1955 மார்ச் 2 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியில், கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது கறுப்பினப் பள்ளி மாணவி பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். போலீசார் அவரை இழுத்து இறக்கிக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். கறுப்பினக் குடியிருப்புகளில் கோபம் பொங்கியது. ஆனாலும் பேருந்துகள் வழக்கம்போல நிரம்பியே ஓடின. அதே ஆண்டு டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, 42 வயது தையல் தொழிலாளி ரோசா பார்க்ஸ் அதே காரியத்தைச் செய்தார். திங்கட்கிழமை காலை பேருந்துகள் காலியாக ஓடின. 381 நாள் கழித்தே கறுப்பின மக்கள் மறுபடி அவற்றில் ஏறினார்கள்.

ஊர் அதேதான். சட்டம், பேருந்துக் கம்பெனி, அவமானம் எல்லாம் அதேதான். அநீதி கோபத்தை மூட்டும், கோபம் இயக்கமாகும் என்பதே கணக்கு என்றால் மார்ச்சிலேயே இயக்கம் பிறந்திருக்க வேண்டும். சமூக இயக்கங்களைப் படிக்க இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைப்பது அரிது.

1895-இல் குஸ்தாவ் லெ போன் எழுதியது முதல், கூட்டம் கூடினால் மனிதனுக்குப் புத்தி மழுங்கிவிடும் என்பதே படித்தவர்களின் பொது எண்ணமாக வெகுகாலம் இருந்தது. 1970-களில் அதை மறுத்து வந்த ஆய்வாளர்கள், பணமும் அமைப்பும் தொடர்புகளும் இருக்கும் இடத்தில்தான் இயக்கம் எழும் என்றார்கள். முன்னது மனதை நோயாகப் பார்த்தது. பின்னது மனதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மான்ட்கோமரியில் மார்ச்சில் இருந்த அமைப்புகள்தான் டிசம்பரிலும் இருந்தன. நடந்ததை ஊர் எப்படிப் பொருள்கொண்டது என்பதில்தான் வேறுபாடு. அதை வடிவமைத்தவை அந்தச் சமூகத்தின் பண்பாடும், அதன் வழியே வேலை செய்த மனநிலைகளும். எங்கள் வாதம் இதுதான்: தனித்தனியாகச் சுமந்த வெட்கத்தைக் கூட்டாக அணியும் கௌரவமாக மாற்றும் வழி ஒரு சமூகத்திடம் ஏற்கெனவே இருந்தால்தான் கோபம் நிலைத்த இயக்கமாகிறது.

பேருந்துக்குள் நடந்தது

பேருந்தில் மொத்தம் 36 இருக்கைகள். முன்னால் 10 வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் உள்ள 16 இருக்கைகளில் ஓட்டுநர் வைத்ததே சட்டம். ஒரே ஒரு வெள்ளையர் உட்கார வேண்டியிருந்தாலும் அந்த வரிசையில் இருக்கும் நான்கு கறுப்பினத்தவரும் எழ வேண்டும், ஏனென்றால் ஒரே வரிசையில் இரு இனத்தாரும் அமரக் கூடாது. முன்வாசலில் ஏறி 10 சென்ட் கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, இறங்கி, வெளியே நடந்துபோய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். 1943-இல் பார்க்ஸைப் பின்வாசலுக்குப் போகச் சொல்லி இறக்கிவிட்ட ஜேம்ஸ் பிளேக்தான் 1955 டிசம்பரிலும் அந்த வண்டியை ஓட்டினார்.

பயணிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் போகும் பெண்கள். இந்த அவமானம் தினமும் இரண்டு முறை, பலர் முன்னால், சிலருக்குத் தம் பிள்ளைகளின் கண்ணெதிரே நடந்தது. ஆனால் ஒவ்வொருவரும் அதை வீட்டுக்குள்ளேயே விழுங்கினார்கள். வெட்கத்தின் இயல்பு அது: வெளியே சொன்னால் இன்னொரு முறை அனுபவிக்க வேண்டும் என்பதால் வாயடைக்கும். அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜோ ஆன் ராபின்சனே 1949-இல் ஓட்டுநர் கத்திய கத்தில் கண்ணீரோடு இறங்கி ஓடியவர். பிறகு அவர் தலைமையேற்ற பெண்கள் அரசியல் மன்றம், இப்படிப்பட்ட புகார்களைச் சேர்த்து நகராட்சியிடம் கொண்டுபோனது. 1954 மே 21 அன்று மேயர் கேலுக்கு எழுதிய கடிதத்திலேயே, பேருந்தைப் புறக்கணிப்பது பற்றிப் பல அமைப்புகள் பேசிவருவதாக ராபின்சன் எச்சரித்திருந்தார். ‘எனக்கு நடந்தது’ என்று ஒருவர் மட்டும் நினைத்திருந்தது ‘நமக்கு நடப்பது’ என்று ஆனது இந்தப் பெண்களின் கூட்டங்களில்தான். பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே யோசனை உருவாகியிருந்தது. களைத்துப்போன ஒரு தையல்காரி தற்செயலாக வரலாற்றை மாற்றினார் என்ற பள்ளிக்கூடப் பாடம் இந்த உழைப்பை அடியோடு மறைத்துவிடுகிறது.

ஏன் கோல்வின் இல்லை?

சட்டக் காரணம் ஒன்று உண்டு. கோல்வின் மீது மூன்று குற்றச்சாட்டுகள்: இனப்பிரிப்புச் சட்டத்தை மீறியது, அமைதியைக் குலைத்தது, போலீசைத் தாக்கியது. மேல்முறையீட்டில் முதல் இரண்டும் கைவிடப்பட்டு, தாக்கிய குற்றம் மட்டும் நின்றது. இனப்பிரிப்புச் சட்டத்தை எதிர்க்க அந்த வழக்கு உதவாது.

ஆனால் அதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. தலைவர்களின் தயக்கத்தில் சமூகத்தின் மரியாதைக் கணக்கும் கலந்திருந்தது. கோல்வின் ஏழைக் குடியிருப்பான கிங் ஹில்லைச் சேர்ந்தவர், பதின்வயதுப் பெண், கருத்த நிறம், உணர்ச்சிவசப்படுபவர் என்று பேசிக்கொண்டார்கள். அதே ஆண்டு பின்னாளில் அவர் கருவுற்றதும் கதவு முழுதாக மூடியது. அக்டோபரில் 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித் கைதானபோது, அவர் தந்தை குடிகாரர் என்ற வதந்தி போதுமானதாக இருந்தது. ஸ்மித் அதைப் பொய் என்றே சொல்லிவந்தார்.

பார்க்ஸோ மணமானவர், தேவாலயத் தொண்டர், கறுப்பின முன்னேற்றச் சங்கமான என்ஏஏசிபி கிளையின் செயலாளர். அந்தக் கோடையில் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் இயக்கப் பயிற்சியும் பெற்றிருந்தார். மெல்லிய குரல். வெள்ளையர் எந்தக் குறையும் சொல்ல முடியாத பெண்மணி. ‘இவருக்கே இந்தக் கதியா’ என்ற அதிர்ச்சி ஒரே நாளில் ஊரெங்கும் பரவியது. தார்மிக அதிர்ச்சி என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். எவ்வளவு பெரிய கொடுமை என்பதைவிட, யாருக்கு நேர்ந்தது, அந்த ஆள் சமூகத்தின் மனதில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதே அதிர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கிறது. பண்பாடு இயக்கத்துக்கு எரிபொருள் என்று மட்டும் எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. யாருடைய வலி பொது வலியாகும் என்று சலித்தெடுப்பதும் பண்பாடுதான். அந்தச் சல்லடையில் ஒரு பதினைந்து வயதுப் பெண் தங்கவில்லை.

நான்கு நாள்

வியாழன் இரவு, படுக்கை வசதி ரயில்பெட்டி ஊழியர் சங்கத்தின் ஈ.டி. நிக்சன் பார்க்ஸை ஜாமீனில் எடுத்தார். நள்ளிரவில் ராபின்சன் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரோடும் இரண்டு மாணவர்களோடும் ஸ்டென்சில் வெட்டி, விடியும் முன்பே பல்லாயிரம் துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்துவிட்டார். காகிதம் மிச்சமாகட்டும் என்று ஒரு தாளில் மூன்று அறிக்கைகள். கேட்டது ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள். வெள்ளிக்கிழமை அவை பள்ளி, கடை, அழகு நிலையம், முடிதிருத்தகம் என்று போய்ச் சேர்ந்தன. ஞாயிறன்று உள்ளூர் நாளிதழான மான்ட்கோமரி அட்வர்டைசர் முதல் பக்கத்தில் அதைச் செய்தியாக்கியது. வெள்ளையரை உஷார்ப்படுத்துவதுபோல வந்த அந்தச் செய்தி, துண்டறிக்கை கிடைக்காத கறுப்பினத்தவருக்கும் தகவலைக் கொண்டுசேர்த்தது. அன்று காலைப் பிரசங்கங்களில் போதகர்கள் மீதி வேலையை முடித்தார்கள்.

‘ஒரு நாள் மட்டும்’ என்று கேட்டதில் நுட்பமான மனக்கணக்கு இருக்கிறது. பயந்தவர்கூட ஒரு நாள் துணிவார். உண்மையான சிக்கல் வேறு: ‘நான் ஏறாமல் இருப்பேன், மற்றவர்கள் ஏறிவிட்டால்?’ எல்லோரும் உள்ளுக்குள் ஒன்றையே விரும்பினாலும், அது மற்றவருக்கும் விருப்பம் என்று தெரியாதவரை யாரும் அசைவதில்லை. திங்கள் அதிகாலை, வழக்கமாக வீட்டுவேலைப் பெண்களால் நிரம்பியிருக்கும் முதல் வண்டி காலியாகப் போனதை மார்ட்டின் லூதர் கிங் தம் வீட்டு ஜன்னலில் பார்த்தார். வீதியில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். மற்றவர்களும் என்னோடு இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வெளிப்படையான அத்தாட்சி தேவைப்படவில்லை. ஏறுபவர்களை மிரட்டக் கூலிப்படை வரும் என்று நம்பிய போலீஸ், பாதுகாப்புக்கு மோட்டார் சைக்கிளில் பேருந்துகளைப் பின்தொடர்ந்தது. போலீசைக் கண்டே பயப்படும் ஊரில், ஏற நினைத்த ஓரிருவரும் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

அன்று காலை பார்க்ஸுக்கு விதித்த அபராதம், செலவோடு சேர்த்து 14 டாலர். அன்று பிற்பகல், புறக்கணிப்பை நடத்த மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் உருவானது. டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்கு வந்து அதிக நாள் ஆகாத, 26 வயதுக் கிங் தலைவரானார். ஊரின் பழைய கோஷ்டிப் பகை எதிலும் அவர் பெயர் அடிபடாதது ஒரு தகுதியாயிற்று. முதல் கோரிக்கைகள் மூன்றும் மிக எளிமையானவை: மரியாதையாக நடத்துங்கள், வந்த வரிசையில் வெள்ளையர் முன்னிருந்தும் கறுப்பினத்தவர் பின்னிருந்தும் உட்காரட்டும், கறுப்பினப் பகுதி வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை நியமியுங்கள். இனப்பிரிப்பை ஒழிக்கும்படி அவர்கள் கேட்கவேயில்லை. அந்தத் துணிச்சல் நடந்து நடந்து வந்தது. கிடைக்கும் என்று நம்பியதை மட்டுமே மனிதர் கேட்கிறார்கள்; நம்பிக்கை விரியும்போது கோரிக்கையும் விரிகிறது.

திங்கள் இரவின் உள்கட்டு

அன்றிரவு ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயம் கொள்ளாமல் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்று ஒலிபெருக்கி வழியே கேட்டார்கள். அதன்பின் தொடக்க மாதங்களில் திங்களும் வியாழனும் கூட்டம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தேவாலயத்தில். பேராசிரியர்கள் போகும் தேவாலயம் ஒன்று, கூலித் தொழிலாளர் போகும் தேவாலயம் வேறு என்றிருந்த ஊர் அது. இடத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால் சமையல்காரப் பெண்ணும் மருத்துவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிவந்தது. இந்த ஏற்பாடு எந்தச் சொற்பொழிவுக்கும் குறைந்ததல்ல.

கூட்டம் நடக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். இடம் பிடிக்கப் பல மணிநேரம் முன்பே வருவார்கள். காத்திருக்கும்போதே பாட்டு தொடங்கிவிடும். பிறகு ஜெபம், வேதவாசிப்பு, தலைவரின் விளக்கம், பேருந்துக்குப் பதிலாகக் கார்களை ஏற்பாடு செய்த வாகனக் குழுவின் அறிக்கை, காணிக்கை, கடைசியில் மனதைத் தூக்கி நிறுத்தும் ஓர் உரை. பாட்டில் மூச்சு ஒன்றாகிறது. ஜெபத்தில் பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. பேச்சாளரின் ஒவ்வொரு வரிக்கும் சபை பதில் குரல் கொடுப்பது கறுப்பின வழிபாட்டின் மரபு. கேட்பவர் அங்கே பார்வையாளர் அல்ல, பேச்சில் பங்காளி. வாகன அறிக்கை, உணர்ச்சியைக் கையோடு நாளைய வேலையில் கொண்டுபோய்க் கட்டுகிறது. இந்த வடிவத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை அப்படியே எடுத்து அதில் பேருந்தை வைத்தார்கள். கால்வலியும் மழையும் மாதக் கடைசியும் உறுதியைத் தேய்க்கும். அடுத்த கூட்டம் அது தீருமுன் வந்துவிடும்.

எகிப்திலிருந்து வெளியேறிய மக்களைப் பற்றிய பைபிள் கதை அந்தச் சபைகளுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே மனப்பாடம். நடப்பது என்பது அந்தக் கதைக்குள் ஒரு பொருளைப் பெற்றது. வண்டியில் இடம் தருகிறேன் என்றபோதும் நடந்தே போவேன் என்ற முதியவர்களைக் கணக்குப் பார்க்கும் மனிதனாக மட்டும் பார்த்தால் புரிந்துகொள்ள முடியாது.

வண்டியும் சமையலும்

நம்பிக்கை மட்டும் யாரையும் ஆறு மைல் கொண்டுபோய்ச் சேர்க்காது. முதலில் கறுப்பின டாக்சிகள் 10 சென்டுக்கு ஏற்றின; குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டிப் போலீஸ் கமிஷனர் செல்லர்ஸ் மிரட்டினார். 1953-இல் பேட்டன் ரூஜ் நகரில் இதேபோன்ற புறக்கணிப்பை நடத்திய போதகர் ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் யோசனை கேட்டார். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய 300 வண்டிகளைக் கொடுத்தார்கள். ஊரெங்கும் ஏறுமிடங்களும் இறங்குமிடங்களும் குறிக்கப்பட்டன. கட்டணம் வாங்கினால் உரிமமில்லாத டாக்சி என்று வழக்குப் போடுவார்கள். அதனால் பணம் காணிக்கையாகத் தேவாலயம் வழியே வந்தது. நன்கொடையில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களைத் தேவாலயங்களின் பெயரில் பதிவு செய்ததால் அவற்றுக்கு ‘உருளும் தேவாலயங்கள்’ என்று பெயர். உள்ளூரில் காப்பீட்டை ரத்து செய்தபோது, அட்லாண்டா முகவர் ஒருவர் மூலம் லண்டன் லாயிட்ஸில் காப்பீடு எடுத்தார்கள்.

ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், ‘எங்கிருந்தோ வந்த சங்கம்’ என்ற பெயரில் பெண்களைத் திரட்டினார். பொரித்த கோழி, சாண்ட்விச், கேக், பை எல்லாம் வீட்டில் செய்து கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் விற்று, காசைத் திங்கள் கூட்டத்தில் கொடுத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தோ’ என்பதுதான் பதில். பெயர் தெரிந்தால் வேலை போகும். கில்மோருக்கே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபின் வேலை போயிற்று. ஊரின் மறுபக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் போட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். எந்தச் சங்கம் அதிகம் கொண்டுவந்தது என்று சபையில் அறிவிக்கும்போது ஆரவாரம் எழும். மேடையில் ஏற முடியாத பெண்களுக்கு, தங்கள் கைப்பக்குவத்தாலேயே ஓர் இடம் கிடைத்தது. இயக்கத்தில் ஒருவர் நிலைத்திருக்க, தம்மால் ஆவது ஒன்றை அவர் செய்தாக வேண்டும். அதை மற்றவர் மதிக்கவும் வேண்டும்.

எதிர்த்தரப்பின் மனதையும் பார்க்க வேண்டும். வெள்ளை எஜமானிகள் பலர் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் கூட்டிவந்து விட்டார்கள். மேயர் அதைக் கண்டித்தும் நிற்கவில்லை. 1956 தொடக்கத்தில் பிஸ்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்த நேர்காணல்களில், இந்தப் பெண்கள் எஜமானியிடம் ஒன்றும் தங்களுக்குள் வேறொன்றும் பேசியது தெரிகிறது. எஜமானியின் காதுக்கு இதமாக ஏதாவது சொல்லிவிட்டு, இரவில் கூட்டத்துக்குப் போவார்கள். பரம்பரையாகப் பழகிய இந்தத் தற்காப்புப் பேச்சை நிஜம் என்று நம்பியதால்தான், ‘நம் ஊர்க் கறுப்பர்கள் திருப்தியாக இருக்கிறார்கள், வெளியாட்கள் கிளப்புகிறார்கள்’ என்று நகராட்சி கடைசிவரை தப்புக்கணக்குப் போட்டது. 1956 பிப்ரவரி 10 அன்று இனப்பிரிப்பைக் காக்க அமைந்த வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தின் கூட்டத்துக்கு 10,000 பேருக்கு மேல் திரண்டார்கள். பாட்டு, பெருமிதம், பொது எதிரி என்ற அதே பொருள்களில் வெறுப்பையும் சமைக்கலாம்.

வெட்கம் புரண்ட நாள்

பிப்ரவரி 21 அன்று, 1921-ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின்கீழ் 89 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. சிறை என்பது அந்தச் சமூகத்தில் குடும்ப மானம் போகும் விஷயம். அந்தப் பயத்தை நம்பித்தான் அரசு கைவைத்தது. மறுநாள் நடந்தது தலைகீழ். போலீஸ் வரும்வரை காத்திராமல் நிக்சன் தாமே போய்ச் சரணடைந்தார். தொடர்ந்து போதகர்களும் மற்றவர்களும் ஞாயிறு உடையணிந்து வந்தார்கள். வெளியே கூட்டம் கைதட்டி வரவேற்றது. தம் பெயர் பட்டியலில் இல்லையே என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். பார்க்ஸ் கைரேகை வைக்கும் புகழ்பெற்ற படம் இந்த நாளில் எடுத்தது. முதல் கைதின் படம் என்று அதைத் தவறாகப் போடுகிறார்கள். முகத்தைப் பாருங்கள், டிசம்பர் இரவின் தனிமை அதில் இல்லை.

தண்டனையின் பொருள் மாறிவிட்டால் தண்டிப்பவன் கையில் ஆயுதம் இல்லை. ஆனால் தனியாளாக இதைச் செய்ய முடியாது. கோல்வின் மார்ச்சில் கைவிலங்கோடு போனபோது கைதட்ட யாரும் இல்லை.

உடைய இருந்த இடங்கள்

1956 ஜனவரி 21, சனிக்கிழமை: நகராட்சி மூன்று போதகர்களை அழைத்துப் பேசிவிட்டு, சமரசம் ஆகிவிட்டது என்ற பொய்ச் செய்தியைப் பத்திரிகைக்குக் கொடுத்தது. ஞாயிறு காலை அது வீடு வந்து சேரும். திங்களன்று பாதிப் பேர் ஏறியிருந்தால் கதை முடிந்தது. தகவல் முன்கூட்டியே தெரிந்ததால் தலைவர்கள் அன்றிரவே மதுக்கடைகள்வரை போய் ‘பொய், ஏறாதீர்கள்’ என்று சொன்னார்கள். தேவாலயத்துக்கு வராதவர்கள் சனிக்கிழமை இரவு எங்கே இருப்பார்கள் என்று போதகர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி 30 இரவு கிங் வீட்டில் குண்டு வெடித்தது. துப்பாக்கியும் கத்தியும் பாட்டிலுமாகத் திரண்ட கூட்டத்தைத் தாழ்வாரத்தில் நின்று அவர் அமைதிப்படுத்தினார். ஆனால் அவர் வீட்டிலேயே அப்போது துப்பாக்கி இருந்தது; துப்பாக்கி உரிமத்துக்கும் அவர் விண்ணப்பித்தார், கொடுக்கவில்லை. அகிம்சை இந்த மக்களின் பிறவிக்குணம் என்று எழுதுவது அவர்கள் கற்றுத் தேர்ந்ததை அவமதிப்பதாகும். கிறிஸ்தவ அன்பு அவர்களுக்குத் தெரியும். அதை அரசியல் முறையாக்கும் காந்திய வழியை, புறக்கணிப்பு தொடங்கி ஒரு வாரத்தில் ஜூலியட் மார்கன் என்ற வெள்ளை நூலகர் நாளிதழ்க் கடிதத்தில் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டுக் காட்டினார். அகிம்சைப் போராட்டத்தில் அனுபவமுள்ள வெளியூர்ச் செயல்பாட்டாளர்களான, பிப்ரவரியில் வந்த பேயார்ட் ரஸ்டினும் பிறகு கிளென் ஸ்மைலியும் அதைப் பாடமாக்கினார்கள்.

ஜூனில் சங்கச் செயலாளர் பீல்ட்ஸ், நிதியில் முறைகேடு என்று பகிரங்கமாகச் சொல்லி விலகினார். இயக்கங்களைக் கொல்வதில் போலீசைவிடப் பணச் சந்தேகத்துக்குத் திறமை அதிகம். ஒரு வாரத்தில் அவரைத் திங்கள் கூட்ட மேடைக்கே அழைத்து, சபை முன்னால் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறவைத்து, மன்னிக்கவும் செய்தார்கள். தேவாலயத்தில் பழகிய பாவசங்கீர்த்தனச் சடங்கு ஒரு பிளவைத் தவிர்த்தது.

நாற்காலி ஒத்திகை

பேருந்தில் இனப்பிரிப்பு அரசியலமைப்புக்கு முரண் என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1956 நவம்பர் 13 அன்று உறுதிசெய்தது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் வண்டி ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. உத்தரவு ஊர் வந்துசேர்ந்த டிசம்பர் 20 வரை ஐந்து வாரத்துக்கு மேல் வண்டியும் இல்லாமல் சமாளித்தார்கள்.

அந்த இடைவெளியில் தேவாலயங்களில் நாற்காலிகளைப் பேருந்துபோல வரிசையாகப் போட்டு ஒத்திகை நடந்தது. சிலர் வெள்ளைப் பயணியாக நடித்துத் திட்டுவார்கள், தள்ளுவார்கள். மற்றவர்கள் பதிலுக்குக் கை ஓங்காமல் பழக வேண்டும். வேடம் மாற்றி மறுபடியும். பிறகு சபையோடு பேச்சு: எங்கே கோபம் வந்தது, எப்படி அடக்கினாய்? டிசம்பர் 19 தேதியிட்டு விநியோகித்த அறிவுரைத் தாள், வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதே, உட்காரும்போது ‘உட்காரலாமா’ என்று கேள், திட்டினால் திட்டாதே, தள்ளினால் தள்ளாதே, முதல் சில நாள்களுக்கு நண்பரோடு ஏறு என்றது. கோபம் வரும் நொடியில் யோசிக்க நேரமில்லை. உடம்புக்கு முன்பே பழக்கிவைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 21 அன்று ஏறினார்கள். வெற்றிக்குப் பின்தான் அதிக ரத்தம்: ரோசா ஜோர்டன் என்ற கருவுற்ற பெண்ணின் இரு கால்களிலும் துப்பாக்கிச் சூடு, 1957 ஜனவரி 10 அன்று நான்கு தேவாலயங்களிலும் இரண்டு போதகர் வீடுகளிலும் குண்டுவெடிப்பு. புறக்கணிப்பின்போதே வேலை இழந்திருந்த பார்க்ஸ், 1957-இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

உச்ச நீதிமன்றம்வரை போய் வென்ற வழக்கில் பார்க்ஸின் பெயர் இல்லை. அதை நடத்திய வழக்கறிஞர் பிரெட் கிரே, மாநில நீதிமன்றத்தில் சிக்கியிருந்த அவர் வழக்கை விட்டுவிட்டு நான்கு பெண்கள் சார்பில் தனி வழக்குப் போட்டிருந்தார்: அரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். 1956 மே 11 அன்று சாட்சிக்கூண்டில் ஏறியபோது கோல்வினுக்கு வயது 16, கைக்குழந்தைக்குத் தாய். முகமாக நிற்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களே சட்டத்தை வீழ்த்தினார்கள். போலீசைத் தாக்கியதாக 1955-இல் எழுதிய குற்றப் பதிவை அலபாமா நீதிமன்றம் அழித்தது 2021-இல், அவருக்கு 82 வயதானபோது.